வாசகர் கேள்வி–பதில்: மின்முனையில் மனித நொதிகள்

மனித நொதியை மின்முனைமேல் ஒட்டி, புதிய மருந்து மூலக்கூறுகளை அதில் சோதிப்பது பற்றிப் பல கடிதங்கள் வந்துள்ளன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கீழே வரும் மின்னழுத்தங்கள் எல்லாம் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு நிரப்பிய வெள்ளி–வெள்ளி குளோரைடு ஒப்பு மின்முனையைப் பொறுத்தவை. நியம ஹைட்ரஜன் அளவுகோலுக்கு மாற்ற வேண்டுமானால் 0.21 வோல்ட்டைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல்லீரல் மைக்ரோசோம் முறை ஏற்கெனவே இருக்கிறதே, மின்முனை எதற்கு? (மருந்தியல் மாணவி)

மைக்ரோசோம் என்பது கல்லீரல் செல்லை உடைத்துப் பிரித்த, நொதிகள் நிறைந்த சவ்வுத் துகள். உடலுக்குள் போகும் மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் வேலையில் பெரும்பங்கு சைட்டோகுரோம் பி450 குடும்பத்துக்கு உரியது. சுருக்கமாக சிஒய்பி என்பார்கள். மனிதரில் இதற்கு 57 மரபணுக்கள் உண்டு. ஆனால் மருந்து விஷயத்தில் 3ஏ4, 2டி6, 2சி9, 2சி19, 1ஏ2 என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவே முக்கியம். ஒவ்வொரு சுற்றிலும் நொதி இரண்டு எலக்ட்ரான், இரண்டு புரோட்டான், ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறது. ஆக்சிஜனின் ஓர் அணு மருந்தில் சேர்கிறது, மற்றது நீராகிறது.

அந்த இரண்டு எலக்ட்ரான்களும் உடலில் என்ஏடிபிஎச் மூலக்கூறிலிருந்து கிளம்பி, ரிடக்டேஸ் என்ற துணைப் புரதம் வழியாக வந்து சேர்கின்றன. சோதனைக் குழாயிலும் இவை எல்லாவற்றையும் நாம் போட்டாக வேண்டும். என்ஏடிபிஎச் விலை கூடியது, கரைசலில் நீண்ட நேரம் தாங்காது. மின்முனையோ எலக்ட்ரானை நேரடியாகவே கொடுத்துவிடுகிறது. ரிடக்டேஸும் வேண்டாம், என்ஏடிபிஎச்சும் வேண்டாம். ஒரு சோதனைக்கு ஓரிரு நூறு பிக்கோமோல் (பிக்கோமோல் என்பது ஒரு மோலின் லட்சம் கோடியில் ஒரு பங்கு) நொதி போதும், மின்னோட்டம் அந்தக் கணமே திரையில் தெரியும்.

இவ்வளவு முன்னதாகவே சோதிக்க வேண்டிய காரணத்துக்கு டெர்ஃபெனடின் நல்ல உதாரணம். இந்த ஒவ்வாமை மருந்தை 3ஏ4 நொதி கிட்டத்தட்ட முழுவதுமாக ஃபெக்சோஃபெனடினாக மாற்றிவிடும். நோயாளி பூஞ்சை மருந்தான கீட்டோகொனசோலோ, பாக்டீரியா மருந்தான எரித்ரோமைசினோ சேர்த்து எடுத்தால் அந்த நொதி தடைபட்டு, டெர்ஃபெனடின் ரத்தத்தில் தேங்கி, இதயத் துடிப்பின் கியூடி இடைவெளியை (ஒரு துடிப்பின் மின் அலை முடிய எடுக்கும் நேரம்) நீட்டியது, உயிரிழப்புகளும் நேர்ந்தன. அமெரிக்காவில் அந்த மருந்து 1998இல் விலக்கப்பட்டது. அதே ஆண்டு ரத்த அழுத்த மருந்தான மிபெஃப்ராடிலும் நொதித் தடைச் சிக்கல்களால் சந்தையை விட்டுப் போனது.

கேள்வி: முதன்முதலாக இந்தச் சோதனையைத் தொடங்குகிறேன். என்னென்ன தேவை, எந்த வரிசையில் செய்ய வேண்டும்? (ஆய்வு மாணவர்)

பொட்டென்ஷியோஸ்டாட் (மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) ஒன்று, 3 மி.மீ. விட்டமுள்ள கிளாஸி கார்பன் மின்முனை, பிளாட்டினக் கம்பி துணை மின்முனை, ஒப்பு மின்முனை, ஆர்கான் அல்லது நைட்ரஜன் உருளை. நொதி 20 முதல் 50 மைக்ரோமோலார் செறிவில், தூய்மையானதாக இருக்கட்டும்.

நொதி உறைநிலைக் கரைசலில் வழக்கமாக 20 விழுக்காடு கிளிசராலும் கொஞ்சம் டிடர்ஜென்டும் இருக்கும். இரண்டுமே மின்முனைப் படலத்தைக் கெடுக்கும். கிளிசரால் இருந்தால் படலம் காயாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். டிடர்ஜென்ட் நொதிக்கு முன்பே கார்பன் பரப்பில் போய் அமர்ந்துகொள்ளும். ஜெல் நிரப்பிய சிறிய குழாயில் பஃபரை (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) மாற்றி, உடனே கார்பன் மோனாக்சைடு நிறமாலை எடுங்கள். ஒடுக்கிய நொதி 450 நானோமீட்டரில் உச்சம் காட்டினால் நல்லது. 420இல் உச்சம் எழுந்தால் அந்தக் குப்பியை எடுத்து வைத்துவிடுங்கள்; செத்த நொதியும் மின்முனையில் அழகான உச்சம் தரும், அதுதான் ஆபத்து.

மின்முனையை 1, 0.3, 0.05 மைக்ரோமீட்டர் அலுமினாவில் இதே வரிசையில் மெருகேற்றுங்கள். ஒவ்வொரு தூளுக்கும் தனித் துணி. ஒரே துணியைப் பயன்படுத்தினால் பெரிய துகள் கடைசிவரை கீறிக்கொண்டே இருக்கும். பிறகு நீரில் சில நிமிடம் மீயொலிக் குளியல்.

ஒட்டுவதற்குப் பல வழிகள் உண்டு. தொடங்குபவர்களுக்கு நேர்மின் பாலிமரான பாலி டைஅல்லைல் டைமெத்தில் அமோனியம் குளோரைடை நாங்கள் பரிந்துரைப்போம். பாலிமர்க் கரைசலையும் நொதியையும் சம அளவில் கலந்து, மின்முனைமேல் மொத்தம் 10 மைக்ரோலிட்டர் வைத்து, ஈரமான மூடிய பெட்டியில் 4 டிகிரி செல்சியசில் இரவு முழுக்க விடுங்கள். முழுக்க உலரவிடக் கூடாது. காலையில் பஃபரில் மெதுவாக அலசினால் ஒட்டாத நொதி போய்விடும்.

டைடோடெசில் டைமெத்தில் அமோனியம் புரோமைடு என்ற கொழுப்புப் படலமும் மிகப் பரவலாகப் பயன்படுகிறது. அதில் உச்சம் பளிச்சென்று வரும். ஆனால் இந்தப் படலத்தில் மயோகுளோபின் தன் ஹீமை (இரும்பு தாங்கிய பகுதி, சிஒய்பியிலும் உண்டு) கைவிடுகிறது என்று ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கிறது. ஆகவே வெறும் ஹீமினை (புரதம் சேராத ஹீம்) அதே படலத்தில் வைத்து ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை அவசியம். இரண்டு உச்சங்களும் ஒரே இடத்தில் விழுந்தால், நீங்கள் பார்ப்பது நொதியை அல்ல, அதிலிருந்து கழன்ற ஹீமை.

பஃபர் 100 மில்லிமோலார் பாஸ்பேட், 100 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, பிஎச் 7.4. அரை மணி நேரம் ஆர்கான் ஊதி ஆக்சிஜனை விரட்டியபின் 0 முதல் −0.6 வோல்ட் வரை சுழற்சி வோல்ட்டாமெட்ரி (மின்னழுத்தத்தை ஒரே சீராக ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை வரைவது) எடுங்கள். வேகம் விநாடிக்கு 20 முதல் 500 மில்லிவோல்ட் வரை படிப்படியாக மாறட்டும். உச்ச மின்னோட்டம் வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடினால் நொதி பரப்பிலேயே ஒட்டியிருக்கிறது. வேகத்தின் வர்க்கமூலத்தோடு கூடினால் ஏதோ ஒன்று கரைசலில் மிதக்கிறது.

கேள்வி: உச்சம் மிகச் சிறியதாக, மேடுபோலத் தெரிகிறது. நொதி ஒட்டவில்லையா?

ஒட்டியிருக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 மி.மீ. மின்முனையின் பரப்பு 0.0707 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 20 பிக்கோமோல் மின்செயலுள்ள நொதி இருப்பதாக வைத்தால், மின்முனையில் இருப்பது 1.4 பிக்கோமோல்தான். விநாடிக்கு 100 மில்லிவோல்ட் வேகத்தில் இதற்குரிய உச்ச மின்னோட்டம் சுமார் 0.13 மைக்ரோஆம்பியர். அதே வேகத்தில் பரப்பு மின்தேக்கத்தால் மட்டும், சதுர செ.மீ.க்கு 40 மைக்ரோஃபாரட் என்று கொண்டால், சுமார் 0.28 மைக்ரோஆம்பியர் ஓடும். அதாவது பின்னணி மின்னோட்டமே நொதி தரும் மின்னோட்டத்தைப்போல் இரண்டு மடங்கு. ஆகவே மேடுபோலத் தெரிவது இயல்புதான். நொதியில்லாத படலத்தின் வளைவைத் தனியாக எடுத்துக் கழியுங்கள். மின்னழுத்தத்தைத் துடிப்புகளாகத் தரும் சதுர அலை வோல்ட்டாமெட்ரி இந்தப் பின்னணியைத் தானாகவே பெருமளவு அடக்கிவிடும்.

உச்சத்தின் கீழுள்ள மின்னூட்டத்தை ஃபாரடே மாறிலியாலும் பரப்பாலும் வகுத்தால், மின்செயலுள்ள நொதி எவ்வளவு என்பது கிடைக்கும். இந்த எண் இல்லாமல் ஒரு மின்முனையை இன்னொன்றோடு ஒப்பிட வழியில்லை.

கேள்வி: காற்று பட்டதும் −0.4 வோல்ட்டில் மின்னோட்டம் எகிறுகிறது. நொதி வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தத் துறையில் மிக அதிகமாக நடக்கும் தவறான முடிவு இதுதான். காற்றோடு சமநிலையில் உள்ள பஃபரில், 25 டிகிரியில் சுமார் 0.25 மில்லிமோலார் ஆக்சிஜன் கரைந்திருக்கும். அது வெறும் கார்பனிலும் ஒடுங்கும், கழன்ற ஹீமிலும் ஒடுங்கும், மருந்தே இல்லாத நொதியிலும் ஒடுங்கும். மூன்றிலும் மின்னோட்டம் வரும், மூன்றிலும் மருந்து மாறுவதில்லை.

மருந்தைச் சேர்த்ததும் மின்னோட்டம் மேலும் கூடினால் அது நல்ல அறிகுறி, அவ்வளவே. மருந்து நொதிக்குள் அமரும்போது இரும்பின் மின்னழுத்தம் நேர்த்திசையில் நகர்ந்து எலக்ட்ரான் உள்ளே வருவது எளிதாகிறது. அதனால் ஆக்சிஜன் ஒடுக்கம் வேகமெடுக்கிறது. ஆனால் அந்த ஆக்சிஜன் மருந்தில் சேர்ந்ததா, சூப்பராக்சைடாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சிதறியதா என்பதை மின்னோட்டம் சொல்லாது. இப்படி வீணாகச் சிதறுவதைப் பிணைப்பறுதல் என்கிறோம்.

எண்ணில் பார்த்தால் அதன் அளவு புரியும். −0.6 வோல்ட்டில் 30 நிமிடம், சராசரி 0.2 மைக்ரோஆம்பியர் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். மொத்த மின்னூட்டம் 0.36 மில்லிகூலும். எல்லா எலக்ட்ரானும் மருந்துக்கே போயிருந்தால் 1.87 நானோமோல் விளைபொருள் கிடைத்திருக்க வேண்டும். மின்முனையில் உள்ள 1.4 பிக்கோமோல் நொதி, நிமிடத்துக்கு ஒரு மூலக்கூறு வீதம் மாற்றினால் கிடைப்பது 42 பிக்கோமோல். அதாவது 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல். மீதி 98 விழுக்காடு மின்னோட்டமும் பெராக்சைடுக்கும் நீருக்கும் போயிருக்கிறது.

ஆகவே விளைபொருளை அளந்தே தீர வேண்டும். மின்முனையை நிமிடத்துக்கு 200 சுற்று சுழற்றி, −0.5 முதல் −0.65 வோல்ட்டுக்குள் ஒரு மதிப்பில் 30 நிமிடம் நிறுத்துங்கள்; பிறகு கரைசலை திரவ வண்ணப்பகுப்புக் கருவியில் (கலவையைப் பிரித்து அளப்பது) ஏற்றுங்கள். மேலே சொன்ன 42 பிக்கோமோல், அரை மி.லி. கரைசலில் 84 நானோமோலார்தான் ஆகும். புறஊதா உணரிக்கு இது எல்லையில் தடுமாறும் அளவு. நிறை நிறமாலைமானி தேவைப்படும். அச்சிட்ட மின்முனைகளில் 50 மைக்ரோலிட்டரில் அதே வினையை நடத்தினால் 0.84 மைக்ரோமோலார் கிடைக்கும், வேலை மிக எளிதாகும். திரவ அளவைக் குறைப்பதுதான் இந்த முறையில் மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் முன்னேற்றம்.

பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்து ஒரு முறையும், சேர்க்காமல் ஒரு முறையும் செய்யுங்கள். உருவாகும் பெராக்சைடு இரண்டு விதத்தில் குழப்பும்: ஹீமைச் சிதைத்து நொதியைச் சாகடிக்கும், அல்லது தானே நொதிக்குள் போய் எலக்ட்ரான் இல்லாமலேயே மருந்தை மாற்றிவிடும். கேட்டலேஸ் போட்டதும் விளைபொருள் பெரிதும் குறைந்தால், நீங்கள் பார்த்தது பெராக்சைடு வழி. கூடினால், பெராக்சைடு நொதியைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

கட்டுப்பாடுகளில் எதையும் விடாதீர்கள்: நொதியில்லாத படலம், நொதி உண்டு ஆனால் மின்னழுத்தம் தராதது, ஆர்கானில் மின்னழுத்தம் தந்தது, மருந்தில்லாமல் கரைப்பான் மட்டும். டைமெத்தில் சல்ஃபாக்சைடு 2இ1 நொதியை வலுவாகத் தடுக்கும், மற்ற சிலவற்றையும் பாதிக்கும். இறுதி அளவு அரை விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம்.

கேள்வி: தடுப்பான்களை எப்படிச் சோதிப்பது? எந்த நொதிக்கு எந்த மருந்தை அளவுகோலாக வைப்பது?

3ஏ4 நொதிக்கு டெஸ்டோஸ்டிரோனின் 6-பீட்டா ஹைட்ராக்சிலேற்றம் அல்லது மிடசோலாம், தடுப்பான் கீட்டோகொனசோல். இரண்டு மருந்தையும் வைத்துப் பார்ப்பது நல்லது. 3ஏ4 நொதியின் உட்குழி பெரியது, ஒரு மருந்தைத் தடுப்பது மற்றதைத் தடுக்காமல் போகலாம். 2டி6 நொதிக்கு டெக்ஸ்ட்ரோமெதார்ஃபான், தடுப்பான் குவினிடின். 2சி9 நொதிக்கு டைக்ளோஃபெனாக், தடுப்பான் சல்ஃபாஃபெனசோல். 1ஏ2 நொதிக்கு ஃபெனாசிட்டின். அதன் விளைபொருள் பாராசிட்டமால், மின்முனையிலேயே ஆக்சிஜனேற்றமாகும் பொருள் என்பதால் இரண்டாவது மின்முனையில் நேரடியாக அளக்கவும் முடியும்.

முதலில் மருந்தின் செறிவை மாற்றி விளைபொருள் வேகத்தை வரைந்து, மைக்கேலிஸ் மாறிலியை (வேகம் தன் உச்சத்தில் பாதியாகும் செறிவு) கண்டுபிடியுங்கள். பிறகு அந்த மாறிலிக்கு அருகிலுள்ள செறிவில் மருந்தை நிறுத்தி, தடுப்பானை ஏழெட்டுச் செறிவுகளில் ஏற்றுங்கள். படலத்துக்குள் மருந்து ஊடுருவ நேரம் எடுக்கும். கொழுப்பில் கரையும் மருந்து படலத்திலேயே தேங்கி, உண்மைக்கு மாறான மாறிலியைத் தரும். மின்முனை சுழலும் வேகத்தை இரட்டித்தும் மாறிலி மாறாமல் நின்றால் கரைசல் பக்கத்துப் போக்குவரத்து சிக்கலில்லை. படலத்தின் தடிமனையும் மாற்றிப் பாருங்கள்.

கீட்டோகொனசோல் போன்ற அசோல் வகைத் தடுப்பான்களில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. அவற்றின் நைட்ரஜன் அணு ஹீம் இரும்பையே பிடித்துக்கொள்வதால், இரும்பின் மின்னழுத்தம் எதிர்த்திசையில் நகரும். சாதாரண மருந்து அமர்ந்தால் நகர்வு நேர்த்திசையில். எனவே ஆர்கானில் எடுத்த ஒரே வளைவிலிருந்து புதிய மூலக்கூறு எவ்விதமாக அமர்கிறது என்று ஊகிக்கலாம். விளைபொருள் அளவீட்டுக்கு முந்தைய சல்லடையாக இது மிகவும் பயன்படும்.

நேரம் சார்ந்த தடுப்பு வேறு. சில மருந்துகளை நொதி மாற்ற மாற்ற, அந்த விளைபொருளே நொதியை நிரந்தரமாகப் பூட்டிவிடும். மைக்ரோசோமில் இதைப் பிடிக்க 30 நிமிடம் என்ஏடிபிஎச்சோடு முன்னமே வைப்பார்கள். மின்முனையில் அதற்கு நிகர், மின்னழுத்தம் தந்த நிலையில் முன்னமே வைப்பது. மின்னழுத்தம் தராமல் வெறுமனே ஊறவிட்டால் இந்தத் தடுப்பு தெரியவே தெரியாது. அதே நேரம், மருந்தில்லாமல் அரை மணி மின்னழுத்தம் தந்த நொதியும் பெராக்சைடால் கொஞ்சம் இழந்திருக்கும். அதைத்தான் நூறு விழுக்காடாக வைத்து ஒப்பிட வேண்டும்.

மருந்து ஒழுங்குமுறைகளை ஒத்திசைக்கும் சர்வதேச அமைப்பான ஐசிஎச், மருந்துகளின் இடைவினை பற்றி 2024இல் நிறைவு செய்த எம்12 வழிகாட்டியின்படி, மீளக்கூடிய தடுப்பில், ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாத உச்சச் செறிவைத் தடுப்பு மாறிலியால் (தடுப்பானின் வலுவைக் காட்டும் செறிவு) வகுத்து 0.02க்குக் கீழே வந்தால் ஆபத்து குறைவு. மின்முனையில் கிடைத்த மாறிலியை இந்தக் கணக்கில் நேரடியாகப் போடாதீர்கள். எந்த மூலக்கூறை முதலில் மைக்ரோசோமுக்கு அனுப்புவது என்று வரிசைப்படுத்த அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: என் மருந்தில் நைட்ரோ தொகுதி இருக்கிறது. சிக்கல் வருமா?

வரும். நைட்ரோ தொகுதி, குயினோன் இரண்டும் நொதிக்குத் தரும் அதே மின்னழுத்தத்தில் வெறும் மின்முனையிலேயே ஒடுங்கக்கூடியவை. நொதியில்லாத மின்முனையில் முதலில் உங்கள் மருந்தை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அங்கேயே உச்சம் வந்தால், அந்த மருந்துக்கு மின்னோட்டத்தை நம்ப வேண்டாம், விளைபொருளை மட்டும் நம்புங்கள். ஒடுங்கிய துணைப்பொருள் நொதியைத் தடுக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி: நொதியே இல்லாமல், மின்முனையில் மருந்தை ஆக்சிஜனேற்றம் செய்து வளர்சிதைப் பொருள்களை உருவாக்க முடியும் என்கிறார்களே?

ஓரளவு முடியும். பாராசிட்டமால் கார்பன் மின்முனையில் +0.4 வோல்ட்டையொட்டி இரண்டு எலக்ட்ரான் இழந்து, கல்லீரலை நச்சாக்கும் அதே குயினோன் இமைனைத் தருகிறது. கரைசலில் குளூட்டாதயோன் (உடலில் நச்சுப் பொருள்களைப் பிடிக்கும் சிறு மூலக்கூறு) இருந்தால் அது உடனே பிடித்துக்கொள்ளும். அந்த இணைப்பை நிறை நிறமாலைமானியில் காணலாம். பாய்வுக் கலத்தில் நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டர் அளவில் மருந்தைச் செலுத்தி, மின்னழுத்தத்தை 0 முதல் 1.5 வோல்ட் வரை ஏற்றினால், எந்த மின்னழுத்தத்தில் எது பிறக்கிறது என்ற வரைபடம் சில நிமிடங்களில் கிடைத்துவிடும். நச்சு இடைப்பொருள்களைத் தேட இதைவிட வேகமான வழி அரிது.

ஆனால் மின்முனை எலக்ட்ரான் எளிதாகக் கழலும் இடத்தைத்தான் தாக்கும். நொதி அப்படியல்ல; மருந்தைக் குழிக்குள் பிடித்து நிறுத்தி, எதிரே இருக்கும் கார்பனிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கும். அதனால் நைட்ரஜனிலிருந்து மெத்தில் கழல்வது மின்முனையில் நன்றாக வரும். டெஸ்டோஸ்டிரோனின் 6-பீட்டா இடத்தில் ஹைட்ராக்சில் சேர்வது வராது. மின்முனையில் வராத ஒன்று உடலிலும் வராது என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: சிஒய்பி தவிர மற்ற மனித நொதிகளுக்கு இந்த முறை பொருந்துமா?

பொருந்தும், பலவற்றுக்கு இன்னும் எளிது. ஏனென்றால் நொதிக்கு எலக்ட்ரான் தர வேண்டியதில்லை, விளைபொருளைப் பிடித்தால் போதும். அசிட்டைல்கோலின்எஸ்டரேசுக்கு அசிட்டைல்தயோகோலின் தந்தால் தயோகோலின் பிறக்கும். அது வெறும் கார்பனில் ஆக்சிஜனேற்றமாக +0.6 வோல்ட்டுக்கு மேல் தேவை. கோபால்ட் தாலோசயனின் என்ற வினையூக்கி கலந்த கார்பனில் மிகக் குறைந்த மின்னழுத்தமே போதும், மருந்துகளின் குறுக்கீடும் குறையும். அசிட்டைல்தயோகோலினின் அயோடைடு உப்பை வாங்காமல் குளோரைடு உப்பை வாங்குங்கள். அயோடைடும் ஆக்சிஜனேற்றமாகி மின்னோட்டம் தரும்.

மோனோஅமைன் ஆக்சிடேஸ் ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியிடும். பிரஷ்யன் நீலம் பூசிய மின்முனை அதை 0 வோல்ட் அருகிலேயே உணரும். ஆனால் பிஎச் 7க்கு மேலே அந்தப் பூச்சு மெல்லக் கரையும் என்பதால், நாள் முழுக்க ஒரே மின்முனையை ஓட்டினால் மின்னோட்டம் சரிந்துகொண்டே போகும். அதைத் தடுப்பு என்று நினைத்துவிடக் கூடாது. பத்து அளவீட்டுக்கு ஒரு முறை தெரிந்த செறிவுள்ள பெராக்சைடைச் சேர்த்துச் சரிபாருங்கள். மோனோஅமைன் ஆக்சிடேசின் பி வகைக்கு பென்சைலமைன் நல்ல வினைபொருள். டோபமைன் தானே ஆக்சிஜனேற்றமாகிக் குழப்பும்.

சாந்தீன் ஆக்சிடேசில் யூரிக் அமிலத்தை நேரடியாக அளக்கலாம். கீல்வாத மருந்தான அல்லோபியூரினாலைச் சோதிக்கும்போது மட்டும் நொதியோடு முன்னமே வைக்க வேண்டும்: நொதி அதை ஆக்சிபியூரினாலாக மாற்றிய பிறகுதான் இறுக்கமான தடுப்பு உண்டாகிறது.

கேள்வி: மரபு வேறுபாடுள்ள நொதிகளை மின்முனையில் ஒப்பிடலாமா?

2சி9 நொதியின் மூன்றாம் வகையில் 359ஆம் இடத்து அமினோ அமிலமான ஐசோலூசின் லூசினாக மாறியிருக்கும். அந்த வகை உள்ளவர்களுக்கு வார்ஃபரின் (ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து) குறைவாகவே தேவைப்படும். இத்தகைய வினைவேக மாற்றம் மின்முனையில் தெரியும். ஒவ்வொரு மின்முனையிலும் உள்ள மின்செயலுள்ள நொதியின் அளவால் வேகத்தை வகுத்தால்தான் ஒப்பீடு செல்லும். 2டி6 நொதியின் பத்தாம் வகை வேறு கதை. அதில் 34ஆம் இடத்துப் புரோலின் செரினாக மாறி, புரதமே நிலையற்றுப் போகிறது. கல்லீரலில் அதன் அளவு குறைவது பாதிப்பின் முக்கியப் பங்கு. மின்முனையில் சம அளவு நொதியை ஒட்டிவிட்டால் அந்தப் பங்கு கண்ணுக்கே தெரியாது. இதற்கு ஈரல் செல்களில் உள்ள புரத அளவைத் தனியாக அளந்து சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கேள்வி: ஒரு மின்முனையை எத்தனை முறை பயன்படுத்தலாம்?

மின்னழுத்தம் தந்து விளைபொருள் எடுத்த மின்முனையை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்த வேண்டாம். வளைவு மட்டும் எடுப்பதற்கு, முதல் உச்ச மின்னோட்டத்தில் 90 விழுக்காடு இருக்கும்வரை ஓட்டலாம். அதற்குக் கீழே போனதும் மெருகேற்றிப் புதிதாக ஒட்டுங்கள். இடைவேளையில் பஃபரில் நனைத்து 4 டிகிரியில் வையுங்கள், காற்றில் காய வைக்காதீர்கள்.